வடக்கு நோக்கி ஒரு வீட்டு வண்டி

1

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் வீட்டு வாசலில் இன்னொரு வீடு வந்து நின்றது.

இருபத்தாறு அடி நீளம். வெள்ளை உடம்பு, இடுப்பில் பழுப்புக் கோடு. முன்பாதி லாரி, பின்பாதி வீடு. உள்ளே அடுப்பு, ஃப்ரிட்ஜ், மடக்கு மேசை, இரண்டு படுக்கை, நின்றால் தோள் இடிக்கும் ஒரு குளியலறை. இங்கே இதை ஆர்வி என்கிறார்கள். கணவரோடு வேலை பார்த்த பஞ்சாபி நண்பர் ஒருவர் கோடை முழுக்கச் சொந்த ஊருக்குப் போகிறார். வண்டி சும்மா நின்று துருப்பிடிக்க வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் போய் வாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். காப்பீட்டுத் தாளில் எங்கள் பெயர்களையும் அவரே சேர்த்துவிட்டார்.

நாங்கள் இருப்பது மேற்குக் கனடாவில் ஒரு சமவெளி ஊர். வானம் தெளிந்த நாளில் ராக்கி மலைகள் தொலைவில் நீலக்கோடாகத் தெரியும். இந்த மே மாதத்தோடு இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் கேரளத்துப் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, செவிலியர் படிப்புப் படித்து, அந்தப் படிப்பின் தயவில் கடல் தாண்டியவள். பெயர் சரஸ்வதி. என் கணவர் பழனிச்சாமிக்குப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. அங்கே வாளையார் எல்லை வழியாக லாரி ஓட்டினார். இங்கே வந்த மூன்றாம் வருடத்திலிருந்து டிரக் ஓட்டினார். பதினெட்டுச் சக்கரம், பனி, வாரக்கணக்கில் தனிமை.

வடக்கே யூக்கான் வரை சுமை கொண்டுபோன காலங்களில் அங்கிருந்து போன் செய்வார். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் போய் ஒளிந்துகொண்ட மாதிரி பாவனை காட்டிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும் என்பார். படுக்கப்போகும் நேரத்தில் வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தேன் என்பார். ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தபடி இதையெல்லாம் கேட்பேன். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். அந்த வெளிச்சம் என் தூக்கத்துக்குள்ளும் கொஞ்சம் வரும். மரமெல்லாம் ஒரு பக்கம் பொன்னாக, ஆற்றில் சத்தமே இல்லாமல். ஒரு தடவை கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்வதும், போகலாம் என்று நான் சொல்வதும் பத்து வருடமாக நடந்தது.

இந்த வருடம் வண்டி வந்துவிட்டது. ஐந்து வாரப் பயணம் என்று நாளும் குறித்தாயிற்று. வண்டி வந்த மூன்றாவது நாள் கடிதம் வந்தது.

2

கடிதத்துக்கு முன்னால் ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தது. திரும்பினால் அவர் தரையில் கிடந்தார். கைகால் வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. எத்தனையோ பேருக்குப் பார்த்தவள் நான். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் கை தானாகச் செய்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

வலிப்பு என்றார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். மறு உத்தரவு வரை வண்டி ஓட்டக்கூடாது. முதல் தடவைதானே, ஜூனுக்குள் அனுமதி வந்துவிடும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

வந்த கடிதத்தில் அனுமதி இல்லை. உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது, மேலும் மருத்துவ விவரங்கள் தேவை என்று இருந்தது. மூன்று பத்தி, கீழே கையெழுத்துக்குப் பதில் அச்சு. அவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்து ரொட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தார். பிறகு வெளியே போய் ஆர்வியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சாகுல் அண்ணனும் ஜமீலாக்காவும் வந்தார்கள். பாலக்காட்டுக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. இங்கே மளிகைக்கடை. வந்த புதிதில், கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்றால் தமிழ் பேசுகிறீர்கள், தமிழர்கள் என்றால் மலையாள வார்த்தை பேசுகிறீர்கள் என்று மலையாளிச் சங்கம், தமிழ்ச் சங்கம் இரண்டிலும் எங்களைக் கொஞ்சம் விலக்கிவைத்துப் பார்த்தார்கள். அப்போது அந்தக் கடையில்தான் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு நால்வருக்கும் ஒன்றாகத்தான்.

இந்த ஆகஸ்டில் அவர்கள் பாலக்காட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். கடையை மகன்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே நால்வருமாகப் போவதாக இருந்த இந்தப் பயணம் இந்தக் கோடையில் இல்லையென்றால் பிறகு இல்லை. கடிதத்தைப் பார்த்துவிட்டு யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அபேக்ஷை கொடுத்துப் பார்க்கலாமே என்றார் சாகுல் அண்ணன். விண்ணப்பத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் வார்த்தை. வில்லேஜ் ஆபீஸ் படியேறுகிற எவருக்கும் அதுதான் வரும். கனடா அரசாங்கத்துக்கு ஒரு அபேக்ஷை. சிரிக்க வேண்டிய இடம், யாரும் சிரிக்கவில்லை.

யார் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. அண்ணனுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஜமீலாக்கா வண்டியே ஓட்டியதில்லை. சாதாரணக் கார் உரிமம் இருந்தாலே இந்த வண்டியை ஓட்டலாம். அது என்னிடம் இருந்தது. அதை வைத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, நடுவில் ஒரு பால் வாங்கும் கடை, இவ்வளவுதான் ஓட்டியிருக்கிறேன்.

"நான் ஓட்டுதேன்" என்றேன்.

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் திரும்பவில்லை.

"அது காரில்ல புள்ள" என்றார்.

3

அவர் சொல்லித்தர மாட்டேன் என்று சொல்லவில்லை. தலைவலி என்றார், முதுகு என்றார், நாளைக்கு என்றார். நாளை நாளையாகவே போனது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறக்குமுன், பெரிய வணிக வளாகத்தின் காலி வாகன நிறுத்தத்துக்கு நானும் சாகுல் அண்ணனும் போனோம்.

உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் உலகம் வேறு மாதிரி தெரிந்தது. சாலை என்னைவிட்டுக் கீழே போய்விட்டது. பின்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. வருவதில் பெரும்பகுதி நானேதான் என்று கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. பீர்மேட்டில் என் சிறுவயதில் பெண்கள் யாரும் எதையும் ஓட்டியதில்லை. ஜீப்பில் பதினைந்து பேரில் ஒருத்தியாகத் தொங்கிப்போவோம். வளைவுகளில் டிரைவரின் முழங்கை எங்கே திரும்புகிறது என்று பார்த்து நாங்களும் சாய்வோம். ஸ்டீயரிங் என்பது மழை மாதிரி, வேலை வாங்கும் மேஸ்திரி மாதிரி, எங்கள் கையில் இல்லாத ஒன்று.

"ஒன்னும் சாரமில்ல தங்கச்சி, பேடிக்காம வா" என்று அண்ணன் கீழே நின்று கையை ஆட்டினார். பயப்படாதே என்கிறார். ஆனால் வா என்கிறாரா, நில் என்கிறாரா என்று அவர் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய கை எப்போதும் துணி விரித்துக் காட்டுகிற கை. முதல் நாளே ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தேன். இரண்டாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் திருப்பும்போது பக்கத்து வீட்டாரின் தபால்பெட்டியைத் தட்டினேன். அவர்கள் நல்லவர்கள், பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் நகரசபையிலிருந்து தாள் ஒன்று வந்தது. குடியிருப்புத் தெருவில் இப்படிப்பட்ட வண்டியை இத்தனை நாள் நிறுத்தக்கூடாது. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து வண்டி மளிகைக்கடையின் பின்புறம் நின்றது.

தபால்பெட்டியைத் தட்டிய அன்று மாடி ஜன்னலைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். என் கண் பட்டதும் விலகிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் நித்யா போன் செய்தாள். ஐந்து வயதில் இங்கே வந்த எங்கள் மகள். இப்போது வான்கூவரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தமிழ் சாப்பாடு, தூக்கம், குளிர், கோபம் என்ற நான்கு அறைகளோடு நின்றுவிட்டது. அதற்கு வெளியே வரும்போதெல்லாம் கதவில் இடித்துக்கொள்வாள்.

"அம்மா, நீங்களும் அப்பாவும் ஓடிப்போறீங்களா?" என்றாள்.

வண்டியில் கிளம்பிப் போகிறீர்களா என்று கேட்க நினைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு அடக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் அதைத்தான் செய்தோம். எஸ்டேட் பாக்டரிக்குத் தேயிலை ஏற்ற வந்த லாரியின் டிரைவர் அவர். நான் விடுமுறைக்கு வந்திருந்த நர்சிங் மாணவி. படிப்பு முடிந்த மாதம், இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளாததால், ஒரு கைப்பையோடு குட்டிக்கானத்தில் அரசுப் பேருந்து ஏறினேன். லாரியில் ஏறி வந்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மலை இறங்கும்வரை லாரியில் பின்னாலேயே வந்தார். பேருந்தின் பின்கண்ணாடியில் மூடுபனிக்குள் இரண்டு விளக்கு வந்துகொண்டே இருந்தது. இதை நித்யாவுக்குச் சொல்ல நினைத்தேன். எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், ஆமாம், ஓடித்தான் போகிறோம் என்று சொல்லிவைத்தேன்.

4

மற்றதெல்லாம் தயாரானது. ஜமீலாக்கா அந்தச் சின்ன அலமாரிகளுக்கு அளவெடுத்து டப்பா வாங்கினாள். அரிசி, பருப்பு, இடித்த மிளகாய், பத்திரி என்ற அரிசி ரொட்டிக்கு வறுத்த மாவு, ஹலால் இறைச்சி உறையவைத்துப் பதினாறு பொட்டலம். எனக்கு இட்லிமாவு கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜில் மூலை. வடக்கே பொழுது சாயாத இடத்தில் தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அண்ணன் பள்ளிவாசலில் விசாரித்து ஒரு தாளில் எழுதி, சமையல் மேடைக்கு மேல் ஒட்டினார்.

கழிவுத்தொட்டிதான் பிரச்சினை. கழிப்பறைத் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. நாமெல்லாம் வழியில் பெட்ரோல் பங்கிலேயே போய்க்கொள்ளலாமே என்றாள் அக்கா. எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய், பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். அதைக் கழுவ வருகிறவருக்குத் தனி லயம். அவர் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அந்த இடத்தின் மேல் எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. என் கழிவை நான் கொட்டினால் என்ன என்றேன்.

அதுவரை மடிக்கணினியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்தார். ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டார். குழாயை எங்கே மாட்டுவது, எந்தத் தொட்டியை முதலில் திறப்பது என்று மூன்று பேருக்கும் செய்துகாட்டினார்.

"இது எம்பட வேலை. ஓட்டறக்குத்தான் விடமாட்டீங்கறாங்க, இதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கமாட்டாங்க" என்றார்.

கடிதம் வந்த பிறகு அவர் சொன்ன முதல் நீளமான வாக்கியம் அது.

அன்று மதியம் மழை. நான் வண்டியின் பின்கட்டிலில் சும்மா படுத்தேன். கூரை மிக அருகில் இருந்தது. மழை நேரடியாக நெற்றியில் விழுகிற மாதிரி சத்தம். வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் உடம்பு போய்க்கொண்டிருந்தது. பைன் மரங்கள், ஒரு பாலம், கழுத்தை நீட்டிப் பார்க்கும் ஒரு காட்டுமான், எப்போதோ வாளையார் செக்போஸ்ட்டில் நின்ற லாரி வரிசை. அந்த வரிசை மைல்கணக்கில் நிற்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கி, பக்கத்து லாரிக்காரனுக்கும் போட்டு, மறுநாள் வரைக்கும் அங்கேயே குடியிருப்பார்களாம். இப்போது அந்த வரிசையெல்லாம் இல்லை என்கிறார்கள். என் அரைத்தூக்கத்தில் அது யூக்கான் வரை நீண்டிருந்தது. எல்லா லாரிக்கு அடியிலும் சிறிய நீலத் தீ. கண் விழித்தபோது மழை நின்றிருந்தது. நான் எந்த நாட்டில் படுத்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது சுகமாக இருந்தது.

5

கிளம்ப இரண்டு வாரம் இருந்தபோது மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்றேன். யாரும் வராவிட்டால் தனியாகப் போவேன் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

ஏறும்போது மலைகள் நீலம் கழன்று, பாறையும் பனியுமாகக் கிட்டே வந்தன. உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் இருந்த வீடு முழுவதும் என்னைத் தள்ளியது. டப்பாக்கள் உருண்டன. பிரேக்கை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். கருகும் வாசனை வந்தது. பின்னால் கார்கள் வரிசை கட்டிவிட்டன.

"பிரேக்க விடு. கியர் லிவர ரெண்டுல தள்ளு" என்றார். நான் விடவில்லை. அவரே கையை நீட்டி லிவரைத் தள்ளினார். வண்டி உறுமிக்கொண்டு அடங்கியது. முதல் விரிந்த ஓரத்தில் நிறுத்தினேன். கை ஸ்டீயரிங்கைவிட்டு வரவில்லை.

பயணத்தை விட்டுவிடலாம் என்றேன். அண்ணனையும் அக்காவையும் விமானத்தில் எங்காவது கூட்டிப்போகலாம். என்னால் நான்கு உயிரைச் சுமக்க முடியாது. அழுதேன் என்றே நினைக்கிறேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். வெகுநேரம் எதிரே பாறையில் வழியும் பனித்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்ரல்ல வந்தது மொதத் தடவ இல்ல சரசு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஜனவரில. வடக்க போற ரோட்ல, விடியக்காத்தால. பாலம் ஒண்ணு வந்துது, அது தெரியும். அப்புறம் பாத்தா வண்டி ரோட்டோரமா பனிக்குள்ள நிக்குது. இஞ்சின் ஓடீட்டிருக்குது. நடுவுல ரெண்டு மைல் காணோம். நாக்கு கடிபட்டு ரத்தம்."

"யார்ட்ட சொன்னீய?"

"யார்கிட்டயும் சொல்லுல. சொன்னா லைசென்ஸ் போயிரும். இது இல்லீன்னா எனக்கு இந்த நாட்டுல என்ன வேல? அப்புறம் மூணு மாசம் ஓட்டுனன். ஒவ்வொரு நாளும் பயந்துட்டே ஓட்டுனன். டாக்டர் கேட்டப்பவும் இதுக்கு முன்னால ஒண்ணுமில்லீன்னுதான் சொன்னன்."

மூன்று மாதம். நான் அந்த மாதங்களை எண்ணிப்பார்த்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது என்று அவர் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. வலிப்பில் வண்டியோடு போனவர்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். எதிரே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் சொன்னேன், கத்தாமல் சொன்னேன். அவர் எதையும் மறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"உனக்குச் சொல்லித்தராம இருந்ததுக்கு அதான் காரணம்" என்றார். "நீ ஓட்டப் பழகீட்டீன்னா நான் முடிஞ்சுபோனன்னு ஆயிரும்னு நெனச்சன். இப்ப நீ பிரேக்க மிதிச்சுட்டு நடுங்கறதப் பாத்தன். நான் மூணு மாசம் அப்படித்தான் இருந்தன். அது போதும்."

"டாக்டர்ட்ட சொல்லணும்" என்றேன்.

"சொல்றன்."

"நானும் வருவேன்."

"நீ வெளிய உக்காரு. நானே சொல்றன்."

திரும்பும்போது நானே ஓட்டினேன். இறக்கத்தில் லிவரை இரண்டில் தள்ளினேன்.

6

மருத்துவமனையில் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவருடைய ஆங்கிலம் டிரக் ரேடியோவில் பழகிய ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, அந்த ஜனவரிக் காலையைச் சொன்னார். பாலம், பனி, நாக்கு. மருத்துவர் இளம்பெண். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டாள். என் மனைவி இப்போது ஓட்டுகிறாள், அதனால் சொல்ல முடிகிறது என்றார். அவள் மாத்திரையின் அளவைக் கூட்டினாள். பயணம் போகலாம், தனியாக இருக்கக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது என்றாள். இது மேலிடத்துக்குப் போகும், டிரக் உரிமம் திரும்ப வருவது கடினம் என்றும் சொன்னாள். தெரியும் என்றார்.

உரிம அலுவலகத்தில் படிவம். சுயநினைவு இழந்ததுண்டா என்ற கட்டத்தில் ஆம் என்று குறியிட்டுத் தேதி எழுதினார். கவுண்டரில் இருந்த அம்மாள் அவருடைய உரிமத்தை வாங்கி மூலையில் ஓட்டை போட்டாள். வண்டி ஓட்டாதவர்களுக்கென்று இங்கே ஓர் அடையாள அட்டை உண்டு. அதே அளவு, அதே நிறம், அதே போட்டோ. அதை வாங்கிப் பர்ஸில் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டார்.

சாகுல் அண்ணனிடம் அவரே போய்ச் சொன்னார். அண்ணன் கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டாராம். கேட்டுவிட்டு, பாலக்காட்டில் தன் மூத்த மச்சானுக்கும் இது உண்டு, அவர் அறுபது வருடமாகச் சைக்கிளில் போகிறார் என்றாராம். நித்யாவுக்கு நான் சொன்னேன். அப்பாவிடம் கொடு என்றாள். மாடியில் ஒரு மணிநேரம் பேசினார்கள். தமிழும் ஆங்கிலமுமாக. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கீழே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. தினமும் சாயங்காலம் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள் என்றார்.

மறுநாளிலிருந்து பாடம். மனிதர் இரக்கமில்லாத வாத்தியார். கண்ணாடி மூன்றையும் மாறிமாறிப் பார்க்காவிட்டால் டாஷ்போர்டைத் தட்டுவார். பின்னோக்கி எடுப்பதற்குத் தானே இறங்கிப் பின்னால் நின்றார், எனக்கு இடப்பக்கக் கண்ணாடியில் முழுதாகத் தெரிகிற இடத்தில். "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடி, வரட்டும், ஹோல்டேன்." ஒடி என்றால் திருப்பு, ஹோல்டேன் என்றால் நிறுத்து. அவருடைய கை ஒன்று சொன்னால் ஒன்றுதான். வா என்றால் வா, நில் என்றால் நில். பதினோராவது தடவை இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியை உரசாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பின்பக்கத் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். லாரிக்காரர்கள் சரி என்று சொல்வது அப்படித்தான். உள்ளே இருந்த எனக்கு அது முதுகில் தட்டிய மாதிரி இருந்தது.

7

ஜூன் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். ஜமீலாக்கா துஆ ஓதினாள். நான் டாஷ்போர்டில் கொஞ்சம் விபூதி வைத்தேன். அவர் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் ஏறினார். அண்ணனும் அக்காவும் பின்னால் மேசை இருக்கையில் பெல்ட் போட்டு, எதிரெதிரே, ரயிலில் உட்கார்ந்த மாதிரி.

ஊர் விலகியது. கடுகு வயல்கள் இன்னும் பூக்கவில்லை, பச்சையாகவே கிடந்தன. முதல் ஒரு மணிநேரம் அவர் என் கையையும் கண்ணாடியையும் சாலையையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். என் கால் பிரேக்குக்குப் போகும்போதெல்லாம் அவர் காலும் தரையை அழுத்துவது தெரிந்தது. பிறகு அவ்வளவு அழுத்தவில்லை. பிறகு சாலை நேராகிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள் தொடங்கின. வெயில் அவற்றின் நடுவே கோடுகோடாக விழுந்து கண்ணாடியில் ஓடியது. கனவில் பார்த்த அளவுக்குப் பொன்னாக இல்லை. ஆனால் உண்மையாக இருந்தது. பின்னால் அக்கா ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய ஏலக்காய் டீயின் வாசனை.

ஏதோ கேட்பதற்காகத் திரும்பினேன். அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர் கையைப் பார்த்தேன். மடியில் தளர்ந்து கிடந்தது, வெட்டவில்லை. கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் காலர் மெதுவாக ஏறி இறங்கியது. அப்புறம் மெல்லிய குறட்டை கேட்டது.

"தூங்குறாரா?" என்று அண்ணன் பின்னாலிருந்து ரகசியமாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எலப்புள்ளிக்குப் போகும் பேருந்தில்கூட டிரைவரின் தோளைப் பார்த்துக்கொண்டேதான் வருவார். விமானத்தில் பதினான்கு மணிநேரமும் விழித்திருப்பார். அக்கா எழுந்து வந்து தன் சால்வையை அவர்மேல் போர்த்திவிட்டுப் போனாள்.

எதிரே சாலை மரங்களுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வேகம் மாறினால் ஓட்டுநர்கள் விழித்துக்கொள்வார்கள். நான் மாற்றவில்லை.